பொய்ச்சூள்: ஒரு பழஞ்சொல்லின் வரலாறு

கண்டதைக் காணவில்லை என்றும், செய்ததைச் செய்யவில்லை என்றும், செய்ய எண்ணாததைச் செய்வேன் என்றும் ஒருவன் தெய்வத்தின்மேலோ பெற்றவள்மேலோ கைவைத்து உறுதி கூறினால், அதனை இன்றைய வழக்கில் பொய்ச்சத்தியம் என்பர். நீதிமன்ற வழக்கில் அது பொய்ச்சாட்சி. இவ்விரு சொற்களும் தமிழில் வேரூன்றுவதற்கு முன்பே இச்செயலுக்குத் தமிழில் ஒரு பெயர் இருந்தது. அது பொய்ச்சூள். மருதக்கலியில் ஒரு தலைவியின் வாயில் பிறந்த இச்சொல் இன்று எந்த ஊர்ப் பேச்சிலும் இல்லை. நிகண்டுகளிலும் அகராதிகளிலும் பழைய உரைகளிலும் மட்டுமே தங்கியுள்ளது. ஆயினும் இச்சொல்லின் தடத்தைப் பின்பற்றிச் செல்வோருக்கு, ஒரு சமுதாயம் பொய்யை எவ்வாறு அஞ்சியது, அப்பொய்யால் துன்புற்றவர் யார் என்று எண்ணியது என்பன புலப்படும்.

சொல்லும் பொருளும்

சூள் என்பது உறுதிமொழி, ஆணை என்னும் பொருள் தரும் பெயர்ச்சொல். சூளுறுதல், சூளுரைத்தல், சூளுறவு என்பன அதனடியாகப் பிறந்தவை. உறுதிமொழி இருவகைப்படும். நடந்ததைப் பற்றி, 'இது மெய்' என்றோ 'யான் அறியேன்' என்றோ கூறுவது ஒருவகை. நடக்கவிருப்பதைப் பற்றி, 'இதனைச் செய்வேன்', 'உன்னைப் பிரியேன்' என்று கூறுவது மற்றொரு வகை. முன்னது சொல்லப்படும்போதே பொய்யாக இருக்கலாம். பின்னது சொல்லும்போது மெய்யாக இருந்து, காலம் செல்லச்செல்லப் பொய்யாகக்கூடும். சங்க இலக்கியத்தில் சூள் என்னும் ஒரே சொல் இவ்விரண்டையும் குறித்தது. இன்றைய மேடைத்தமிழிலும் செய்தித்தாளிலும் வழங்கும் 'சூளுரைத்தார்' என்பது வருங்காலத்தைப் பற்றிய முழக்கத்தை மட்டுமே சுட்டுகிறது. நடந்ததைப் பற்றிய சூள் அதிலிருந்து கழன்றுவிட்டது. சொல்லின் பாதி உயிரோடிருக்க, மறுபாதி மறைந்துவிட்டது எனலாம்.

பொய் என்னும் முன்னொட்டும் எண்ணத்தக்கது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழகராதி இச்சொல்லுக்குத் தரும் பொருள்களுள் மரப்பொந்து என்பதும் ஒன்று. வெளியே மரமாகத் தோன்றி உள்ளே வெறுமையாக இருப்பது பொய். மழை வரவேண்டிய காலத்தில் வாராதொழிவதை வானம் பொய்த்தது என்று இன்றும் உழவர் கூறுவர். வானம் எவரிடத்தும் வாய்திறந்து பொய் சொல்வதில்லை. நம்பி விதைத்தவனைக் கைவிடுகிறது. ஆகவே பொய்த்தல் என்னும் தமிழ்வினையில், உண்மைக்கு மாறாகக் கூறுதல் என்பதோடு, நம்பினாரைக் கைவிடுதல் என்பதும் அடங்கியிருக்கிறது. பொய்ச்சூள் என்னும் தொடரில் இவ்விரு பொருளும் சேர்ந்தே நிற்கின்றன.

வஞ்சினத்தின் அமைப்பு

சூளின் பொய்மையை அறிவதற்கு முன், மெய்ச்சூள் எவ்வாறு அமைந்தது என்பதை அறிய வேண்டும். புறநானூற்றின் 71, 72, 73 ஆம் பாடல்கள் மூன்றும் மன்னர் கூறிய வஞ்சினங்கள். முதலாவது ஒல்லையூர் தந்த பூதப்பாண்டியனுடையது. அடுத்தது தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனுடையது. மூன்றாவது சோழன் நலங்கிள்ளியினுடையது. மூன்றும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. 'பகைவரை யான் வெல்லேனாயின், இன்ன கேடு என்னை வந்தடைக' என்பதே அவ்வச்சு. சூள் என்பது நிபந்தனையோடு கூடிய தற்சாபம் என்பது இவற்றால் விளங்கும்.

அக்கேடுகள் யாவை என்பதிலேதான் அம்மன்னர்களின் உள்ளம் தெரிகிறது. பூதப்பாண்டியன் தன் மனைவியைப் பிரியும் துன்பத்தையும், அறங்கூறும் அவையில் தகுதியற்றவனை அமர்த்தி முறை பிழைத்த பழியையும் தனக்கு விதித்துக்கொள்கிறான். நலங்கிள்ளி அன்பில்லாத மகளிரின் தழுவலில் தன் மாலை குழைக என்கிறான். நெடுஞ்செழியன், குடிமக்கள் தன்னைக் கொடுங்கோலன் என்று தூற்றுக என்றும், மாங்குடி மருதனைத் தலைவனாகக்கொண்ட புலவர்கள் தன் நாட்டைப் பாடாது நீங்குக என்றும், இரப்பவர்க்குக் கொடுக்க இயலாத வறுமை தன்னை அடைக என்றும் கூறுகிறான்.

இவற்றுள் எதுவும் நரகத்தைப் பற்றியதன்று. தெய்வம் வந்து ஒறுக்கட்டும் என்று இம்மூவரும் கூறவில்லை. மனைவி, நண்பர், குடிகள், இரவலர், புலவர் ஆகியோரின் முன் தாழ்வுறுவதே அவர்கள் அஞ்சிய தண்டனை. சூள் தவறினால் உறவுகள் அறும் என்பதே அதன் உட்பொருள். தன் சூளின் பிணையாகப் புலவரின் பாட்டை வைத்த ஒரு மன்னன் தமிழில் இருந்தான் என்பது புலவர் உலகம் மறக்கத்தகாத செய்தி.

மணலும் மரமும் மலையும்

புறத்தில் மன்னர் கூறியது வஞ்சினமானால், அகத்தில் தலைவன் கூறியது சூள். களவுக்காலத்தில் தலைமகன் தலைமகளின் முன்கையைப் பற்றி 'நின்னிற் பிரியேன்' என்று உறுதி கூறுகிறான். பின்னர்ப் பிரிகிறான், அல்லது மருதத்திணையில் பரத்தையை நாடிச் செல்கிறான். அகப்பாடல்களில் வரும் சூள்களுள் மிகப்பல, கூறப்பட்ட காலத்தில் அன்றிப் பொய்த்த காலத்திலேயே நினைக்கப்படுகின்றன.

ஐங்குறுநூற்றின் 31 ஆம் பாடலில் ஓரம்போகியாரின் தலைவி, முதிர்ந்த மருதமரம் நிற்கும் பெருந்துறையில் நீராடும் ஆயத்தாரோடு கூடித் தலைவன் உரைத்த சூளை நினைவுகூர்கிறாள். அதனைக் காப்பது தன் கடமையன்று என்று அவன் சொல்லிவிடுவானோ என்பது அவள் ஐயம். அதே புலவர் குறுந்தொகையின் 384 ஆம் பாடலில், மகளிரின் நலத்தை நுகர்ந்துவிட்டுத் துறப்பாயானால் உன் சூள் மிக நன்று என்று எள்ளல் தொனிக்கப் பேசவைக்கிறார். சூள் என்னும் சொல்லே அங்கு வசையாக மாறிவிடுகிறது.

இவற்றினும் ஆழமானது கோப்பெருஞ்சோழன் பாடிய குறுந்தொகை 53 ஆம் பாடல். தலைவியின் முன்கையைப் பற்றிக்கொண்டு, அச்சந்தரும் சூரரமகளிரைச் சான்றாக வைத்துத் தலைவன் சூளுற்றான். இப்போது தோழி அவனிடம் கூறுவது யாது? அச்சூள்கள் உன்னை வருத்தும் என்று அவள் கூறவில்லை. அவை எம்மை வருத்தின என்கிறாள். பொய்த்தவன் அவன், அணங்கு தீண்டியது இவளை.

மருதக்கலியில் பொய்ச்சூள் என்னும் சொல் ஆளப்படும் இடமும் இதே கருத்தினது. பரத்தையிடமிருந்து வந்த தலைவன் தன் தவற்றை மறைக்கச் சூளுரைக்க முற்படுகிறான். தலைவி அவனைத் தடுத்து ஒரு வினா எழுப்புகிறாள்: நீ உரைக்கும் பொய்ச்சூள் அணங்காக மாறினால், அது யார்மேல் சென்று முடியும்? இவ்வினாவுக்கு விடை அவளுக்குத் தெரியும். அவனுக்கு வரும் கேடு அவளுக்கும் வந்ததேயாகும். ஆதலின் பொய் உரைத்தவனைக் காட்டிலும் அப்பொய்யைக் கேட்டவளே அதன் விளைவை மிகுதியாக அஞ்சுகிறாள்.

பரிபாடலின் எட்டாம் பாடலில் இவ்வச்சம் ஒரு நாடகக் காட்சியாகவே விரிகிறது. ஆசிரியன் நல்லந்துவனார் பாடிய செவ்வேள் பாட்டு அது. தலைவன் வையையின் மணலைத் தொட்டேன் என்கிறான். பரங்குன்றின் அடியைத் தொட்டேன் என்கிறான். தோழி பதறுகிறாள். முருகன்மேல் பொய்யாகச் சூளுற்றால் அவன் வேல் உன்னைத் தின்னும் என்கிறாள். அறவோரின் அடியைத் தொட்டாலும் அவர்மேல் சூளுறாதே என்கிறாள். குறவன் மகளாகிய வள்ளியின்மேல் ஆணை என்று கூறவே கூறாதே என்கிறாள். தலைவன் பொய்யன் என்பதை நன்கறிந்தவள் அவள். எனினும் அவன் அழிவதை அவள் விரும்பவில்லை.

இப்பாடல் சொல்வரலாற்றுக்கும் இரண்டு செய்திகளைத் தருகிறது. ஒன்று, சூளுறுதல் என்பது தொடுதலாகிய செயலோடு பிணைந்திருந்தது. மணல், குன்று, அடி என்று ஏதேனும் ஒன்றைத் தொட்டே சொல் உறுதிபெற்றது. 'தலையைத் தொட்டுச் சொல்', 'விளக்கைத் தொட்டுச் சொல்' என்னும் இன்றைய வழக்கின் பழமை இதனால் தெரியும். மற்றொன்று, கட்டளை என்னும் பொருளுடைய ஆணை என்னும் சொல் உறுதிமொழியையும் குறிக்கத் தொடங்கிவிட்டது என்பது.

கபிலரின் குறுந்தொகை 87 ஆம் பாடலையும் இவற்றோடு வைத்துக் காண வேண்டும். ஊர்மன்றத்து மராமரத்தில் உறையும் கடவுள் கொடியவரைத் தண்டிக்கும் என்று உலகம் கூறுகிறது. தலைவியோ, என் தலைவர் கொடியவர் அல்லர் என்று அவனுக்காக வழக்காடுகிறாள். தன் நெற்றி பசந்ததும் தோள் நெகிழ்ந்ததும் தன் உள்ளத்தின் நெகிழ்ச்சியால் என்று பழியைத் தானே ஏற்கிறாள். சூள் பொய்த்தவனுக்குத் தண்டனை வாராதபடி காக்கச் சூளால் ஏமாந்தவளே சான்று கூற முன்வருகிறாள். பொய்ச்சூளின் கொடுமையை இதனினும் மென்மையாக எவரும் பாடியதில்லை.

கள்ளூர் அவை

அகப்பாடல்களில் பொய்ச்சூள் பெரும்பாலும் இருவர்க்கிடையே தீர்க்கப்படும் வழக்காகவே நின்றுவிடுகிறது. அது ஊரவையை எட்டிய நிகழ்ச்சி ஒன்றினை மதுரைத் தமிழ்க்கூத்தனார் கடுவன் மள்ளனார் பாடிய அகநானூறு 256 ஆம் பாடல் பதிவு செய்துள்ளது.

கரும்புத் தோட்டங்கள் சூழ்ந்த கள்ளூரில் ஒருவன் ஓர் இளம்பெண்ணின் நலத்தைக் கவர்ந்தான். பின்னர் அவளை யான் அறியேன் என்று அவையத்தில் சூளுற்றான். அவையினர் அச்சொல்லை அப்படியே ஏற்கவில்லை. நடந்ததை அறிந்த சான்றோரை அழைத்து வினவினர். சூள் பொய் என்பது தெளிந்தது. தளிர் நிறைந்த பெரிய மரக்கிளையில் அவனை இறுகப் பிணித்து, அவன் தலையில் நீற்றைப் பெய்தனர். அப்போது அவையில் எழுந்த ஆரவாரத்தைக் காட்டிலும், தலைவன் வையைப் புதுப்புனலில் பரத்தையோடு ஆடியதால் எழுந்த அலர் பெரிது என்பது பாட்டின் கருத்து. ஓர் உவமையாகவே இந்நிகழ்ச்சி பாட்டில் இடம்பெறுகிறது. கேட்போர் யாவரும் முன்பே அறிந்திருந்தாலன்றி ஒரு நிகழ்ச்சி உவமையாகாது. கள்ளூர் வழக்கு அக்காலத்தில் ஊரறிந்த செய்தியாக இருந்திருக்க வேண்டும்.

இங்குப் புலவர் கையாளும் சொல் வெஞ்சூள். கொடிய சூள் என்பது அதன் பொருள். முதலில் சூள், அதன்பின் சான்றுகளின் வாய்மொழி, அதன்பின் அவையின் முடிவு, இறுதியில் ஒறுத்தல் என்று ஒரு வழக்கின் நான்கு படிகளும் சில அடிகளில் அடங்கியுள்ளன. தெய்வம் தண்டிக்கும் என்று அவையினர் காத்திருக்கவில்லை. பொய்ச்சூளுக்கு எதிராகச் சான்றும் வினாவும் நிறுத்தப்பட்டன. தமிழில் பொய்ச்சூள் வழக்கின் விசாரணையைக் காட்டும் மிகப் பழைய சான்றுகளுள் இதனை முதன்மையாகக் கொள்ளலாம்.

அகநானூற்றின் 286 ஆம் பாடலில் ஓரம்போகியார், பெரியோரின் ஒழுக்கத்தை எடுத்துக்கூறிவிட்டு, நும்மைப் போன்றவரிடத்தும் பொய் கலந்தால் இவ்வுலகில் மெய் எங்கே உளது என்று கேட்கவைக்கிறார். தனியொரு பெண்ணின் ஏமாற்றமாகத் தொடங்கியது, அவ்வினாவில் உலகின் நிலைபேறு பற்றிய கவலையாக வளர்ந்துவிடுகிறது. பொய்யும் வழுவும் தோன்றிய பின்னரே ஐயர் திருமணக் கரணத்தை வகுத்தனர் என்று தொல்காப்பியக் கற்பியல் கூறுவதும் இங்கு நினைக்கத்தக்கது. களவில் இருவர் மட்டும் அறிந்த சூள் பொய்க்கக் கண்ட சமுதாயம், பலரறி மணத்தை அதற்குக் காப்பாக அமைத்தது.

கரியும் பொய்க்கரியும்

சூளுக்கு இணையாக நின்ற மற்றொரு பழஞ்சொல் கரி. சான்று, சாட்சி என்பது அதன் பொருள். திருக்குறளின் 25, 245, 1060 ஆம் குறட்பாக்களில் இச்சொல் இப்பொருளில் வருகிறது. இந்திரனும், இவ்வுலகமும், வறுமையின் துன்பமும் அங்குக் கரிகளாகின்றன. கபிலரின் புகழ்பெற்ற குறுந்தொகை 25 ஆம் பாடலில் களவு மணத்துக்கு வேறு எவரும் சான்றில்லை. ஓடும் நீரில் ஆரல்மீனை நோக்கி நின்ற குருகு மட்டுமே உண்டு. அவன் பொய்த்தால் என் செய்வேன் என்று தலைவி கலங்குகிறாள். பேசமாட்டாத பறவையைச் சான்றாகக்கொண்ட சூள் எத்துணை எளிதில் பொய்க்கக்கூடும் என்பது அக்கலக்கத்தின் உட்கிடை.

பொய்யாகச் சான்று கூறுவோர் பொய்க்கரியாளர். சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதையில், பூம்புகாரின் பூதசதுக்கத்துப் பூதம் புடைத்து உண்ணும் தீயோரின் வரிசையில் பொய்க்கரியாளரும் உளர். பொய்த்தவவேடத்தார், ஒழுக்கம் தவறிய மகளிர், அறைபோன அமைச்சர், பிறன்மனை விரும்புவோர், புறங்கூறுவோர் ஆகியோருடன் அவர்களும் எண்ணப்படுகின்றனர்.

இப்பொதுவிதி அடைக்கலக்காதையில் ஒரு தனிமனிதன் கதையாக வடிவெடுக்கிறது. ஒரு பத்தினியின்மேல் அவள் கணவனிடம் வறியவன் ஒருவன் பொய்க்கரி கூறினான். பூதம் அவனைத் தன் பாசத்தால் பற்றியது. அவன் தாய் துடித்தாள். கோவலன் அவனுக்காகத் தன்னுயிரைக் கொடுக்க முன்வந்தான், பூதம் இசையவில்லை. அவனை அது உண்டபின், கோவலன் அத்தாயையும் சுற்றத்தையும் பல்லாண்டு பேணினான். பொய் உரைத்தவனை இளங்கோவடிகள் வறியோன் என்றே குறிக்கிறார். அச்சொல்லில் ஒரு நுட்பம் உண்டு. பொய்க்கரிக்குப் பின்னால் வறுமையும் நிற்கக்கூடும். தண்டனை அவனோடு முடியாமல் அவன் தாயின்மேலும் விழுந்தது. யார்மேல் சென்று முடியும் என்ற மருதக்கலித் தலைவியின் வினா இங்கும் ஒலிக்கிறது.

அதே காப்பியத்தில் வஞ்சினமாலை என்றே ஒரு காதை உண்டு. கண்ணகி அதில் பூம்புகாரின் பத்தினிப் பெண்டிரை வரிசைப்படுத்தும்போது, வன்னிமரத்தையும் மடைப்பள்ளியையும் சான்றாக முன்னிறுத்திக் காட்டியவளை முதலில் கூறுகிறாள். பொய்க்கரியை நாவினால் உரைத்தவன் மனிதன். மெய்க்கரியாக வந்து நின்றவை மரமும் சமையற்கூடமும்.

ஒற்றியூர் மகிழமரம்

பெரியபுராணத்தின் ஏயர்கோன் கலிக்காமர் புராணத்தில் சூளின் வரலாறு புதிய திருப்பம் ஒன்றைக் காண்கிறது. திருவொற்றியூரில் சங்கிலியாரை மணக்க விரும்பிய சுந்தரர், அவரைப் பிரியேன் என்று சூளுற வேண்டும். திருமுன்பில் சூளுறும்போது இறைவன் அங்கிருந்து நீங்கி மகிழமரத்தடியில் இருக்க வேண்டும் என்று அவர் முன்கூட்டியே வேண்டிக்கொண்டார். இறைவனோ சங்கிலியாரின் கனவில் தோன்றி, மகிழின்கீழேயே சூளுறச் செய்க என்று அறிவுறுத்தினார். சுந்தரர் அவ்வாறே சூளுற்றார். வேனிலில் திருவாரூர் நினைவு மேலிட, ஒற்றியூர் எல்லையைக் கடந்தார், கண்ணொளியை இழந்தார். பின்னர்க் காஞ்சியில் இடக்கண்ணும் திருவாரூரில் வலக்கண்ணும் பெற்றார். ஒற்றியூர்க் கோயிலின் மாசிப் பெருவிழாவில் மகிழடி சேவையாக இந்நிகழ்ச்சி இன்றும் கொண்டாடப்படுகிறது.

சங்கப்பாடலில் மரம் ஊர்மன்றத்தில் நின்றது. இங்குக் கோயிலுக்குள் நிற்கிறது. அங்கு அணங்கு தலைவியை வருத்தியது; இங்குத் தண்டனை சூள் பொய்த்தவரின் கண்களையே அடைகிறது. நீதி ஒருவகையில் நேராகியுள்ளது. ஆயினும் கதை அதன்பின் சுந்தரரின் கண்ணொளியைத் தொடர்ந்து ஊர் ஊராகச் செல்கிறது. பிரியேன் என்ற சொல்லை நம்பிய சங்கிலியார் ஒற்றியூரிலேயே நின்றுவிடுகிறார். சூள் மனிதருக்கும் தெய்வத்துக்கும் இடையிலான வழக்காக உயர்ந்தபோது, அதனைக் கேட்டவளின் குரல் பின்னணிக்குச் சென்றது.

ஆணை, சத்தியம், பிரமாணம்

இடைக்காலந்தொட்டுச் சூளின் இடத்தை வேறு சொற்கள் மெல்ல மெல்லப் பற்றிக்கொண்டன. அவற்றுள் முதலாவது ஆணை. வடமொழியின் ஆஜ்ஞா என்பதன் பிராகிருத வடிவமாகிய ஆணா என்பதோடு இதனை அறிஞர் இணைப்பர். கன்னடத்தில் ஆணெ, தெலுங்கில் ஆன, மலையாளத்தில் ஆண என்று நான்கு மொழிகளிலும் இச்சொல் உறுதிமொழிப் பொருளில் வழங்குகிறது. ஈழத்துப் பேச்சில் அம்மாவாணை, கடவுளாணை என்பன இன்றும் உயிர்ப்புடன் உள்ளன. கட்டளை என்னும் பொருள் கொண்ட சொல் சூளைக் குறிக்க வந்தமை காரணமற்றதன்று. எவர்மேல் ஆணையிடப்படுகிறதோ அவருடைய அதிகாரம் சொல்பவனைக் கட்டுப்படுத்துகிறது என்பது அதன் அடிக்கருத்து.

அடுத்து வந்தது சத்தியம். உண்மை என்பதே அதன் நேர்ப்பொருள். உண்மையைக் குறிக்கும் சொல், உண்மை என்று உறுதி கூறும் செயலுக்கும் பெயராயிற்று. அதன் விளைவாகப் பொய்ச்சத்தியம் என்னும் தொடர் தோன்றியது. சொல்லுக்குச் சொல் பொருள் காணின் அது பொய்யுண்மை என்றாகும். பொய்ச்சூள் என்பதில் இம்முரண் இல்லை. சூள் மெய்யாகவும் இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம் என்பதைப் பழந்தமிழ்ச்சொல் ஒளிக்காமல் வைத்திருந்தது.

கற்பூரம் ஏற்றி அணைத்தல், குடப்பாம்பில் கையிடுதல் போன்ற முறைகளும், குறிப்பிட்ட தெய்வங்களின் திருமுன் சூளுறும் வழக்கமும் ஊர்கள்தோறும் நிலவின. அழகர்கோயிலின் பதினெட்டாம்படிக் கருப்பசாமியின் சன்னதி இவ்வகையில் பெயர்பெற்றது. கடன், எல்லைத்தகராறு, களவு என்று பல வழக்குகள் அங்குச் சத்தியத்தால் தீர்ந்தன. பரிபாடலின் தோழி அஞ்சிய பரங்குன்றம் ஒருபுறம், கருப்பசாமி காக்கும் அழகர்மலை மறுபுறம் என, மதுரை மண்ணில் சூளச்சம் ஈராயிரம் ஆண்டுகளாக இடம் மாறாமல் இருந்துள்ளது.

ஆங்கிலேயர் ஆட்சியில் இவ்வச்சம் சட்டத்தோடு முட்டியது. இந்து, முசுலிம் சான்றாளர்கள் கங்கைநீர், குர்ஆன் ஆகியவற்றின்மேல் சூளுற வேண்டியதில்லை என்றும், உறுதிமொழி கூறினால் போதும் என்றும் 1840 ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் வகுத்தது. 1860 இல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டம், நீதிமன்ற நடவடிக்கையில் பொய்ச்சான்று கூறுவோர்க்கு ஏழாண்டு வரை சிறை விதித்தது. 1873 ஆம் ஆண்டின் உறுதிமொழிச் சட்டமோ பழைய வழக்கத்துக்கும் ஒரு வாயிலைத் திறந்துவைத்தது. வழக்காடும் ஒருவர், எதிரி தன் சமூகத்தார் மதிக்கும் முறையில் சூளுற்றால் அதற்குக் கட்டுப்படுவேன் என்று ஒப்பலாம். அவ்வாறு கூறப்பட்ட சான்று முடிந்த முடிபாகக் கொள்ளப்படும். 1969 ஆம் ஆண்டின் சட்டம் இவ்வாயிலை மூடியது. 2024 சூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதீய நியாய சன்கிதையின் 227, 229 ஆம் பிரிவுகள் இன்று பொய்ச்சான்றினைப் பற்றியவை. ஏழாண்டு என்னும் எல்லை மாறவில்லை.

1873 ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு வரையறை உண்டு. அத்தகைய சூள் மூன்றாம் மனிதர் எவரையும் பாதிக்கும் முறையில் அமைதல் ஆகாது என்பது அது. பிள்ளையின் தலையில் கைவைத்தோ, தாயின்மேல் ஆணையிட்டோ நீதிமன்றத்தில் சூளுற இயலாது. பொய்ச்சூளின் விளைவு அதனை உரைத்தவனைக் கடந்து பிறர்மேல் விழும் என்னும் அச்சத்தின் நிழல், அதனை நம்பாத சட்டத்தின் வாசகத்திலும் விழுந்திருக்கிறது.

மேலைநாட்டில் ஓர் ஒப்புமை

இத்தகைய வரலாறு தமிழுக்கு மட்டும் உரியதன்று. பழைய ஆங்கிலத்தில் பொய்ச்சூளுறுதலை மான்ஸ்வெரியன் என்றனர். மான் என்பதற்குத் தீவினை என்று பொருள்; மனிதன் என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லோடு அதற்குத் தொடர்பில்லை. பிற்காலத்தில் இலத்தீன் வழிவந்த பெர்ஜுரி என்னும் சொல் நீதிமன்றத்தைப் பற்றிக்கொண்டது. பழஞ்சொல் ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் மான்ஸ்வேர், மான்ஸ்வோர்ன் என வட்டார வழக்காக எஞ்சியது. அதன் உடன்பிறப்பாகிய மைனைட் என்னும் ஜெர்மன் சொல்லோ இன்றும் அந்நாட்டுத் தண்டனைச் சட்டத்தில் வாழ்கிறது. ஒரே வேரில் பிறந்த சொல், ஒரு நாட்டில் நாட்டுப்புறத்துக்கு ஒதுங்கியது. மற்றொரு நாட்டில் நீதிபீடத்தில் அமர்ந்தது. வெஞ்சூள் என்று கடுவன் மள்ளனார் கூறியதும் தீவினைச்சூள் என்று அம்மக்கள் கூறியதும் ஒரே உணர்வின் இரு வடிவங்கள்.

புலவர்க்குரிய பொறுப்பு

பொய்ச்சூள் தமிழில் வட்டார வழக்காகக்கூட எஞ்சவில்லை. அதனைக் காத்தவை ஏடுகளே. கலித்தொகையை 1887 இல் சி. வை. தாமோதரம்பிள்ளையும், புறநானூற்றை 1894 இலும் பரிபாடலை 1918 இலும் உ. வே. சாமிநாதையரும் அச்சேற்றியிராவிடில் இச்சொல்லும் இதனைச் சூழ்ந்த உலகமும் நம் தலைமுறைக்கு எட்டியிரா.

இதன் வரலாற்றைத் தொகுத்து நோக்கினால் ஒன்று புலனாகும். சான்று மணலிலிருந்து மலைக்கும், மலையிலிருந்து கோயிலுக்கும், கோயிலிலிருந்து நீதிமன்றத்துக்கும் இடம்பெயர்ந்தது. ஒவ்வொரு பெயர்ச்சியிலும் தண்டிப்பவர் யார் என்பது தெளிவாகிக்கொண்டே வந்தது. துன்புற்றவர் யார் என்பது மங்கிக்கொண்டே வந்தது. இன்றைய சட்டத்தில் பொய்ச்சான்று நீதியின் நடைமுறைக்கு எதிரான குற்றம். அது சரியானதே. ஆனால் அதனை நம்பிக் கெட்டவளின் பக்கம் நின்று பேசிய சொல் சூள். யார்மேல் சென்று முடியும் என்று கேட்டவள் அரசியோ நீதிபதியோ அல்லள். வாயிலில் நின்ற ஒரு பெண்.

வாக்குறுதிகள் மலிந்து, அவற்றை நம்பினோர் மெலிந்து நிற்கும் எக்காலத்துக்கும் இச்சொல் பொருந்தும். பொய்ச்சத்தியம் என்னும் முரண்தொடருக்கும், சட்டச்சொல்லாகிவிட்ட பொய்ச்சாட்சிக்கும் இடையில், நம்பினாரைக் கைவிட்ட சொல் என்னும் முழுப்பொருளைத் தரப் பொய்ச்சூள் என்பதினும் தக்க சொல் தமிழில் இல்லை. கவிஞர்கள் இதனை மீண்டும் எடுத்தாளலாம். கள்ளூர்ப் பெண்ணின் பெயரை எவரும் எழுதிவைக்கவில்லை. அவளுக்கு இழைக்கப்பட்ட பொய்யையும், அவையம் அவளை நம்பிச் சான்றுகளை வினவியதையும் ஒரு புலவர் தம் பாட்டில் போகிறபோக்கில் உவமையாக வைத்தார். அவளுக்கு இன்று எஞ்சியிருக்கும் கரி அப்பாட்டு ஒன்றே.